புது அடுப்பு

தொட்டியத்தில் மலர்க்கொடியின் வாழைத்தோப்போரம், பந்தல் ஓட்டைகள் வழியே இறங்கும் வெயில் அடுப்பின்மேல் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. தார் வெட்டிய வாழைமரங்களை நறுக்கிச் சாணத்தோடு புளிக்கவைத்த கறுப்புப் பை, பக்கத்தில் உப்பி நிற்கிறது. அதில் ஊறும் வாயுவில் அடுப்பெரிக்க இரண்டு நாடுகள் சேர்ந்து போட்ட திட்டம். போன தடவை வாழைநார் சிக்கிக் குழாய் அடைத்துவிட்டது. இன்றும் எரியாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். டென்மார்க்கிலிருந்து வந்த எஞ்சினியர் இங்கெர் மூச்சை அடக்கிக் குந்தியிருக்கிறாள். மலர்க்கொடி தீக்குச்சியைக் காட்டுகிறாள். நீலச் சுடர் ஒரு சுற்று ஓடி நிலைக்கிறது. பால் சட்டி ஏறுகிறது. கிழிந்த வாழையிலைகள் சலசலக்கின்றன. பால் நுரைத்து விளிம்புக்கு வந்ததும் இங்கெரின் கை தானாகத் திருகுக்குப் போகிறது. மலர்க்கொடி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

“விடுங்கம்மா, பொங்கட்டும். புது அடுப்புல்ல!”

பால் வழிந்து, சீறி, சுடரை அணைத்துவிடுகிறது. இங்கெரின் முகம் வெளுக்கிறது. சுற்றி நிற்கும் பெண்களோ குலவையிடுகிறார்கள். அணைந்த அடுப்பையும் சிரிக்கும் முகங்களையும் அவள் மாறி மாறிப் பார்க்கிறாள். மலர்க்கொடி திருகை மூடி, முந்தானையால் அடுப்பைத் துடைத்து, தீப்பெட்டியை அவளிடம் நீட்டுகிறாள்.

“இப்ப நீங்க பத்த வைங்க.”

சுடர் மறுபடி நிற்கிறது. பால் மறுபடி ஏறுகிறது. இங்கெர் இம்முறை கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதையோடு காத்திருக்கிறாள்.

“ஐயோ, ஆஃப் பண்ணுங்க! டீக்குப் பால் வேணாமா?”

இரண்டு கைகள் ஒரே திருகில் மோதிக்கொள்கின்றன.