பூங்காவுக்கு விட்ட இடம்

குரும்பலூர் பக்கம் புதிதாகப் போட்ட நகரில், மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கல் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள் தேவயானி. மனை விற்க அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அறிவரசன் ஓடி வந்தான்.

“யாரும்மா நீங்க? எதுக்குக் கல்லைப் புடுங்குறீங்க?”

“பூங்கான்னு காட்டி அப்ரூவல் வாங்குன இடத்துல மனைக்கல்லு எதுக்குத் தம்பி?”

“எல்லா நகர்லயும் நடக்குறதுதாம்மா. அப்ரூவல் வந்துட்டா பூங்காவும் மனைதான். இன்னிக்கு இதைப் பாக்க ஆளு வராங்க, தள்ளுங்க.”

“இங்க வூடு கட்டி வர்றவங்க புள்ளைங்க எங்க வெளையாடும்? ரோட்டுலயா?” இன்னொரு கல்லும் சாய்ந்தது.

“எங்க ஓனர் ராசாங்கம் அண்ணனைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பொல்லாதவரு.”

“வரச் சொல்லு.”

அறிவரசன் போன் செய்தான். சற்று நேரத்தில் ராசாங்கத்தின் கார் வந்து நின்றது.

“அண்ணே, இந்தம்மாதான். போலீசைக் கூப்புடட்டுமா?”

ராசாங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. “தேவயானி, நீ வூட்டுக்குப் போ. அங்க பேசிக்கலாம்.”

“வூட்டுல பேசிப் பாத்துட்டேன். நீங்க கேக்கல.”

அறிவரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பொண்டாட்டி பேருல வாங்குனா பத்திரச் செலவு கொறையும்னு நெலத்தை எம்பேருல வாங்குனீங்க. பூங்காவுக்குன்னு ஊருக்குப் பொதுவா எழுதிக் கொடுத்ததும் நான்தான்.” கடப்பாரையை அவர் காலடியில் ஊன்றினாள். “இனி இதை விக்கணும்னா, கையெழுத்துப் போட வேற பொண்டாட்டியப் பாருங்க!”