மூன்றாவது அடுக்கு

"இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க சார். சாய்ஞ்சா கேக் போகும், கேக்கோட நானும் போயிடுவேன்."

ரூலா சொல்லி முடிக்கவும், லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கவும் சரியாக இருந்தது. விளக்கும் போயிற்று. மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கினார்கள்.

பெய்ரூட்டில் கரண்ட் போனதற்கெல்லாம் யாரும் பதறுவதில்லை. போன கையோடு, கட்டடத்துக்குக் கரண்ட் விற்கும் அபு நஸீபின் ஜெனரேட்டர் கீழே உறுமும், எல்லாம் பழையபடி ஓடும். இன்றைக்கு உறுமலைக் காணோம். வெக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கூட மாட்டிக்கொண்டவர் நாலாவது மாடியில் ஏறியவர். ரூலா இந்தக் கட்டடத்துக்குப் புதிது. யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியை ஒரு கையாலும் முட்டியாலும் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தார். இன்னொரு கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. ரெண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாம் மாடியில் பார்லர் வைத்திருக்கும் மதாம் ஓதெத் தரையில் குப்புறப் படுத்து, லிஃப்டின் உச்சியில் வெளிச்சம் கசிந்த ஒரு சாண் இடுக்கு வழியாகக் குரல் கொடுத்தாள். ஜெனரேட்டர் அறை பூட்டிக் கிடக்கிறதாம். சாவி அபு நஸீபிடம். இன்னொரு சாவி செய்து கொடுக்கச் சொல்லிக் கட்டடமே கெஞ்சியும் அந்த மனுஷன் மசியவில்லை. போனையும் அணைத்து வைத்திருக்கிறான். வாட்ச்மேன் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறானாம்.

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், மொட்டையடிச்சுத்தான் அனுப்புவேன்" என்றாள் ஓதெத்.

"மொட்டையை நீங்க அடிங்க மதாம், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள் ரூலா.

அவள் பெட்டியை வாங்கித் தரையில் வைக்கவும், கூட இருந்தவர் மூலையில் ஒதுங்கி, ஒழிந்த கையால் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கேக் வியர்க்கத் தொடங்கியிருந்தது. மூன்றடுக்கு நிச்சயதார்த்தக் கேக். ரூலாவின் முதல் பெரிய ஆர்டர். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் இந்தக் கோடை முழுக்க உனக்குத்தான் என்று கல்யாண மண்டபத்துக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவரே போனில் கூப்பிட்டு, பெண் வீட்டார் வந்துவிட்டார்கள், தாமதமானால் வேறு கடையில் வாங்கிவிடுவேன் என்றார். ரூலா, இதோ பாதி வழியில் இருக்கிறேன் என்றாள். அது பொய்யும் இல்லை.

கட்டடமே மாடிப்படியில் கூடிவிட்டது. ஐந்தாம் மாடிக்காரர் தன் அரக் சாராயத்துக்காக வைத்திருந்த ஐஸ்கட்டிகளைப் பையில் போட்டு இறக்கினார். யாரோ விசிறி கொடுத்தார்கள், யாரோ காப்பி கொடுத்தார்கள். ஓதெத் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை நீட்டி, இதை அடித்தால் பூகம்பமே வந்தாலும் கிரீம் அசையாது என்றாள். அதைச் சாப்பிட வேண்டுமே என்று ரூலா ஞாபகப்படுத்த, படிக்கட்டே சிரித்தது.

சும்மா நிற்க முடியாமல் ரூலா தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பேங்கில் வேலை பார்த்தாள், பேங்க் கதவைச் சாத்தியது. பூக்கடை போட்டாள், துறைமுக வெடிவிபத்தில் கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கு ஃபிரெஞ்சு சொல்லிக்கொடுத்தாள், வகுப்பு நடக்கும்போதெல்லாம் கரண்ட் போனது.

"கடைசியில என்ன மிச்சம்னு பார்த்தேன். மாவும் முட்டையும் இருந்துச்சு. சரின்னு ஆரம்பிச்சுட்டேன்" என்றாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் சொத்தென்று ஒரு சத்தம். மேலடுக்கு சரிந்து ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது.

ரூலா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு மேலடுக்கை லாவகமாக வழித்தெடுத்தாள், விரலாலேயே கிரீமைச் சரிசெய்தாள், அதன் ரோஜாக்களைப் பொறுக்கி இரண்டாம் அடுக்கின் தலையில் வைத்தாள்.

"பொண்ணு ஒண்ணு, மாப்பிள்ளை ஒண்ணு. ரெண்டு பேருக்கு ரெண்டடுக்கு. மூணாவது எதுக்கு, மாமியாருக்கா?"

படிக்கட்டில் கைத்தட்டலும் குலவையும் கிளம்பின. சரிந்த துண்டில் பாதியை மேலே அனுப்பிவிட்டு, மீதியைக் கூட இருந்தவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை போலிருக்கு. முகமே வெளுத்துப்போச்சு. சாப்பிடுங்க சார், வெட்கப்படாதீங்க."

அவர் வாங்கித் தின்றார். இரண்டாவது வாயிலேயே அவர் கண் கலங்கிவிட்டது. கேக் அவ்வளவு நன்றாக இருக்கிறதா என்று ரூலாவுக்கே பெருமையாக இருந்தது.

முதல் தடவையாக அவர் வாயைத் திறந்தார். அதுவும் காதோடு காதாக.

"கீழ போனதும் அந்த அபு நஸீப் கிடைச்சா, நிஜமாவே அடிப்பீங்களாம்மா?"

"பின்னே? முதல்ல கேக்கைக் கொடுத்துட்டு, நேரே வந்து அடிப்பேன்."

அவர் பெருமூச்சு விட்டார். அவ்வளவு நேரமும் பைக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தார். அதில் ஒரு சாவி இருந்தது.

"ஜெனரேட்டர் ரூம் சாவி. இதை மேல தூக்கிப் போடுங்க. கேக்கை என் வண்டியிலயே கொண்டுபோய்ச் சேர்த்துடறேன், இன்னொரு சாவியும் இன்னிக்கே செஞ்சு கொடுத்துடறேன்" என்றவர் இடுக்கை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். "நான்தான் அபு நஸீப்னு மட்டும் அந்த பார்லர்க்கார அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."