அடக்க ஆராதனையும் ஆறு மணிக் காட்சியும்

அம்மாவின் சவப்பெட்டியைப் பார்க்காமல் ஹெப்சிபா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணியானால் ஆலயம் தானாகவே நாடக அரங்கமாகிவிடும். யாராலும் நிறுத்த முடியாது.

“ஐயா, சீக்கிரம் முடிங்க,” என்றாள் போதகரின் காதருகே.

“முடிச்சிருதேம்மா. அவசர அவசரமா அனுப்ப முடியுமா?”

அவர் கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடியதுமே சிலுவை கூரைக்குள் ஏறத் தொடங்கியது. பெட்டியின் மேல் ஊதா வெளிச்சம் விழுந்தது. கதவுகள் திறந்தன. பாப்கார்னும் கையுமாக வந்த கூட்டம் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்தது. நாடகம் தொடங்கிவிட்டதாகவே நினைத்தது.

நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது.

ஹெப்சிபா கோபத்தோடு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். கத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா நாற்பது வருடம் இதே இடத்தில் கொயரில் பாடியவள். கோயிலில் கைதட்டக் கூடாது என்று ஒருவரும் தட்டியதில்லை. வீட்டுக்கு வந்துதான், “இன்னைக்கு நல்லா பாடினேனாட்டி?” என்று கேட்பாள். ஹெப்சிபா பாதி நாள் பதிலே சொன்னதில்லை.

போதகர் கூட்டத்தை அடக்கக் கையைத் தூக்கினார். ஹெப்சிபா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கய்யா. இன்னும் கொஞ்ச நேரம் தட்டட்டும்.”