பாதை திறந்த செய்தி

பாலைமரத்தின் கீழ் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் நடக்கிறது. பற்றரி கிடைக்காத காலம். ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளின் பெடலை மாணவி டக்சாயினி கையால் சுற்றுகிறாள். டைனமோ உரச, றேடியோ கரகரத்துப் பேசுகிறது. ஒரு நிலையம், போரால் மூடியிருந்த வவுனியாப் பாதை திறந்துவிட்டது என்கிறது. ஊசியை நகர்த்தினால், மற்றது மூடித்தான் கிடக்கிறது என்கிறது. றஞ்சனி ரீச்சர் கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதுகிறா: சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா? வெண்கட்டித் தூள் வியர்த்த மணிக்கட்டில் ஒட்டிக் கிடக்கிறது. "எந்தச் செய்தி வந்தாலும் முதல் இதைக் கேளுங்கோ, பிள்ளையள்." சொல்லிச் சொல்லியே களைத்த குரல். பெடலை விடாமல் டக்சாயினி கேட்கிறாள்: "பாதை திறந்திட்டாங்களெண்டு வெள்ளிக்கிழமை நீங்கள் சொன்னனீங்கள், ரீச்சர். உங்களுக்கு ஆர் சொன்னது?" ரீச்சர் மெல்லத் திரும்புகிறா. "சங்கக்கடையில கதைச்சவை, பிள்ளை." "ரீச்சரே சொன்னவா எண்டுதான் அம்மா காய்ச்சலோட கிடந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டவா. இன்னும் வரேல்லை." றேடியோவில் இப்போது பாட்டுப் போகிறது. ரீச்சர் முதற் கேள்விக்கு நேரே தன் பெயரை எழுதுகிறா. இரண்டாவதற்கு நேரே வெண்கட்டி எழுதாமல் நிற்கிறது. டக்சாயினி அடுத்த செய்திக்காகப் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள்.