ஓடையைத் தாண்டாத பந்து

பட்டாபிராமனுக்கு தேஜஸைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. கழுத்தில் டை, கையில் கம்பெனி பேர் போட்ட பெட்டி, முகத்தில் கழற்ற மறந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

அவன் விற்க வந்தது புது மாதிரி கோல்ஃப் பந்து. பழையதைவிட இருபது கஜம் கூடுதலாகப் போகுமாம்.

பட்டாபிராமனின் வயிற்றெரிச்சலே அதுதான். புனேயின் அந்தச் சின்ன கிளப்பில் ஆறாவது குழிக்கு முன்னால் ஒரு ஓடை. அதுவரை யாரும் அதை ஒரே அடியில் தாண்டியதில்லை. புதுப் பந்து தாண்டிவிட்டால் ஆட்டத்தில் சுவாரசியமே இருக்காது, மைதானத்தை நீட்டியே ஆகவேண்டும் என்று தலைவர் பத்ரிநாத் சொல்லிக்கொண்டிருந்தார். நீட்டினால் டிவிக்காரர்கள் வருவார்கள், பெரிய கம்பெனிகள் போட்டி நடத்தும் என்று அவருக்கு ஆசை.

பட்டாபிராமனுக்கோ வேறு கவலை. பின்னால் நிற்கும் மரங்கள் போகும், பள்ளிப் பிள்ளைகள் பழகும் இடம் போகும், சந்தா இரண்டு மடங்காகும். கட்கியில் டிஃபென்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயரான அவருக்கும் அவர் செட்டுக்கும் அப்புறம் அங்கே என்ன வேலை?

"உங்க வியாபாரத்துக்காக ஒரு ஆட்டத்தையே காவு குடுக்கறேளேப்பா" என்று தேஜஸிடம் நேராகவே சொன்னார்.

புனேயிலேயே பிறந்து வளர்ந்த அவன், தமிழைத் தேடித் தேடிப் பேசினான். "எனக்கு இது நௌக்ரி... வேலை அங்கிள். கம்பெனி சொன்னா விக்கணும்."

புதுப் பந்தை அடித்துப் பார்க்க கமிட்டி மொத்தமும் ஆறாவது குழிப் பக்கம் திரண்டது. கிளப்பிலேயே பலமாக அடிக்கிறவன் ஹடப்சர் ஐ.டி. கம்பெனி சந்துரு. தேஜஸ் தானே பெட்டியைத் திறந்து, தானே பந்தை எடுத்து வைத்தான்.

சந்துரு மட்டையை வீசினான். பந்து ஓடைக்குள் விழுந்தது. இன்னொன்று அடித்தான். அதுவும் ஓடைதான். பெட்டி காலியாகும்வரை அடித்தான். ஒன்றுகூட அக்கரை சேரவில்லை.

பத்ரிநாத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. மைதானத்தை நீட்டும் பேச்சை அங்கேயே கைவிட்டார். இந்தப் பந்து கிளப்புக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு நடந்தார்.

"உன் பந்துக்கு நீச்சல் நன்னா வர்றதுப்பா" என்று பட்டாபிராமனும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

ஆனால், வெளியே காரருகே அவன் தனியாக நிற்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆபீசில் இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான், பாவம். ஆறுதலுக்காக, தான் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

டிக்கி நிறையப் பிரிக்காத பெட்டிகள். தேஜஸ் அவசரமாக அதைச் சாத்தினான்.

"வேணாம் அங்கிள். இதை நீங்க அடிச்சாகூட ஓடையைத் தாண்டிடும்."

அவருக்குப் புரியவில்லை. "அப்போ சந்துரு அடிச்சது?"

"பழைய பந்து. புது டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்தேன்."

ஏன் இப்படிப் பண்ணினான் என்று பட்டாபிராமன் கேட்டார். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கிரவுண்டு பெருசாச்சுன்னா உங்க வயசுக்காரங்க, ஸ்கூல் பசங்க எல்லாரும் ஆடறதையே விட்டுடுவாங்க. அப்புறம் நான் யாருக்கு அங்கிள் பந்து விக்கறது?"