கனவில் கேட்ட சேவல்

“விடியப்புறம் முருகன் கனவில வந்தவர், தங்கச்சி. ஒரு கையில வேல் இருக்குது. மற்றக் கையில வெறும் கொடி. சேவலைக் காணேல்லை.”

சொல்லும்போதே நாகேந்திரத்துக்குக் கண் கலங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்த பத்மாவதி, தீன் கோப்பையை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கண் கலங்கியது பக்தியால் அல்ல. பதினொரு மாதமாக நித்திரையில்லாத கண் அது. கொட்டாவி விட்டாலே கலங்கும். கனவு வருவதற்கு முதலில் நித்திரை வரவேண்டும். அதைத்தான் பத்மாவதியின் சேவல் தினமும் மூன்றரைக்கே கொத்தித் தின்றுவிடுகிறதே.

வெள்ளவத்தையில் நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டாலும், வளவும் வாழையுமாக மிஞ்சிக் கிடக்கும் குறுகிய ஒழுங்கை அது. பத்மாவதியிடம் ஐந்து பேடு, ஒரு சேவல். பேடுகள்மேல் நாகேந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மதிலுக்கு மேலால் வாரம் ஆறு முட்டை, இளஞ்சூடு ஆறாமல் வரும். அவருடைய கார்க் கண்ணாடியில் விழுகிற எச்சத்தையும், மழைக்கு எழும்பும் வாடையையும், கீரியைக் கண்டால் ஐந்தும் சேர்ந்து போடும் கூச்சலையும் அந்த முட்டையைப் பொரித்துத் தின்று மறந்துவிடுவார். சேவல்தான் முட்டையும் இடாது, வாயும் மூடாது.

மூலைக்கடை ராசிக்கைத் தூதனுப்பிப் பார்த்தார். கேட்ட விலைக்கு எடுக்கிறேன் என்று போனவரை, “ராசிக் நானா, உங்கட மூத்த மகனுக்கு என்ன விலை? அதைச் சொல்லுங்கோ, பிறகு இதைக் கதைப்பம்” என்று பத்மாவதி திருப்பி அனுப்பிவிட்டாள்.

முப்பது வருசம் புறக்கோட்டையில் துணி விற்றவர் நாகேந்திரம். காசுக்கு மசியாத ஆளுக்குப் பயத்தைத்தான் விற்கவேண்டும் என்று தெரியாதவரா? பத்மாவதியின் பயம் ஒழுங்கைக்கே தெரியும்: மகன் ராகுலனின் கனடா விசா. இரண்டு தரம் திருப்பிவிட்டார்கள். விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளை இல்லாத வீடு அந்த ஒழுங்கையில் கிடையாது; நாகேந்திரத்தின் மகள் மிதுனாவே அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்கிறாள்.

“சேவலைத் தந்தால் உன்ர பெடியனைப் பிளேன் ஏத்திவிடுறன் எண்டவர் முருகன்,” என்று குரலைத் தாழ்த்தினார்.

பத்மாவதியும் லேசுப்பட்டவள் அல்ல. “அண்ணை, சந்தையில ஒரு சேவல் வாங்கிக் குடுத்தால் காணாதோ?”

நாகேந்திரம் மதிலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். “அது நேர்த்திக்கடன் இல்லை, பிள்ளை, யாவாரம். வீட்டில, எங்கட கையால தீன் போட்டு வளர்த்ததாய் இருக்கவேணும். அதுதான் அவருக்குச் செல்லும்.”

“குஞ்சிலயிருந்தோ?”

கேட்டது அவருடைய மனைவி சிவயோகம். தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். இடி விழுந்தாலும் மற்றப் பக்கம் புரண்டு படுக்கிற மனுசி. சேவல் கூவும் என்பதே அவளுக்கு ஊரார் சொல்லித் தெரிந்த சங்கதிதான்.

“குஞ்சிலயிருந்துதான்,” என்றார் அவர், திரும்பிப் பாராமலே. சரக்குக் கைமாறும் நேரத்தில் வாங்குகிறவர் முகத்தைவிட்டு அவர் பார்வை நகராது.

வெள்ளிக்கிழமை, காலில் மஞ்சள் துண்டு கட்டிய சேவல் ஓட்டோ ஏறி ஜிந்துப்பிட்டி முருகனிடம் போனது. பத்மாவதி அழுதாள். நாகேந்திரமும் வாசலில் நின்று சால்வை நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஓட்டோக் கூலியையும் தானே கொடுத்தார்; வாழ்நாளில் அவர் பேரம் பேசாமல் கொடுத்த கூலி அது ஒன்றுதான்.

அன்று தொடங்கி அவர் கொண்ட நித்திரை கும்பகர்ணனுக்கே பொறாமை தரும். ஏழரைக்கு எழும்பினார். பத்துமணிக்கு மறுபடி சாய்ந்தார். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு ஏறி, “அண்ணன், என்ன மருந்து எடுக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்க” என்று ராசிக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் ராகுலனுக்கு விசா வந்தது.

பத்மாவதி லட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள். “எல்லாம் உங்கட கனவுதான், அண்ணை. லேன் வட்சப் குறூப்பில ஒண்டும் விடாமல் எழுதிப்போட்டன்.”

“நான் என்ன செய்தனான், தங்கச்சி. எல்லாம் அவன் செயல்,” என்றார் நாகேந்திரம், கண்ணை மூடி. ஒரே பொய்யில் நித்திரை, லட்டு, புண்ணியம் மூன்றையும் சம்பாதித்த வியாபாரி புறக்கோட்டையிலேயே இல்லை என்ற நினைப்போடு போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை, வாசலில் ஓட்டோ நின்ற சத்தத்துக்குத்தான் விழித்தார். சிவயோகம் இறங்கி வந்தாள். ஓட்டை போட்ட மட்டைப்பெட்டி ஒன்றைக் கண்ணாடிச் சாமான்போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். உள்ளே ஒரே கீச்சுச் சத்தம்.

“என்னப்பா உது?”

“எங்கட மிதுனாவின்ர விசாவுக்குத்தான்.” பெட்டியைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பத்திரமாக இறக்கிவைத்தாள். “விடியவே சந்தைக்குப் போயும் பிந்திப்போனன். எங்கட லேன் ஆக்கள் முழுப்பேரும் எனக்கு முதல் வந்து அள்ளிக்கொண்டு போயிட்டினம். ஆறு குஞ்சுதான் மிஞ்சினது.”

நாகேந்திரம் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஒண்டு ரெண்டாவது பேடாய் இருக்குமெல்லே?”

சிவயோகத்துக்குக் கோபமே வந்துவிட்டது.

“நான் என்ன விசரியே? ஆறும் சேவல்.”