மைதிலி இல்லம்

ஸ்ரீரங்கத்தில் கட்டிய புது வீட்டுக்கு நாளை கிரகப்பிரவேசம். ‘மைதிலி இல்லம்’ என்று மனைவி பெயரில் பலகை செதுக்கிக்கொண்டிருந்த கணேஷ்குமாரின் சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்குவது), வழக்கம்போல் சமையல் நேரத்தில் நின்றுவிட்டது.

“மைதிலி, மிக்ஸி போட்டியா?” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினான்.

“இல்லைங்க, குக்கர்தான் வச்சிருக்கேன்.”

கேஸ் அடுப்பில் இருக்கும் குக்கர் மெஷினை என்ன செய்துவிடும்? மற்ற மின்சாரம் குறுக்கிட்டு மெஷினை நிறுத்தாமலிருக்க, சிக்னல் ஒயரை மோட்டார் ஒயரிலிருந்து தள்ளிப் போட்டாயிற்று. எர்த்தும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியதுதான் மிச்சம்.

எட்டிப் பார்த்த மைதிலிக்கு முகம் சுருங்கியது. கடைசி ‘ம்’ விழாமல், ‘மைதிலி இல்ல’ என்று இருந்தது பலகை.

“நல்ல நாளும் அதுவுமா நான் இல்லேன்னு எழுதி வச்சிருக்கீங்க?”

“நானா எழுதினேன்? மெஷின் நின்னுடுச்சு. எந்த ஒயர் நிறுத்துதுன்னே தெரியலை.”

“ஒயர் எங்கே நிறுத்துச்சு? அவசரம்னா மெஷினை நிறுத்த அமுக்குன்னு அடுப்படிச் சுவத்துலயும் ஒரு சிவப்பு பட்டன் வச்சீங்களே, அதைத்தான் அமுக்கினேன். இந்தச் சத்தத்துல குக்கர் விசிலை எப்படிங்க எண்ணுறது?”

நிறுத்தியது யார் என்று அவளே சொல்லிவிட்டாள். பலகைதான் இன்னும் சாதித்துக்கொண்டிருந்தது: ‘மைதிலி இல்ல.’